கிராணியார் பதில்கள்: மலைமேல் மூன்று ஏக்கர் வாங்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலம், தண்ணீர், அரிசி என்றே இருந்தன. யாரோ ஒருவர் ஆரம்பித்து வைக்க, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசி எல்லாரும் சேர்ந்து எழுதினீர்களோ என்னவோ. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, எனக்கு 56 வயது. சேமநிதிப் பணம் கைக்கு வந்துவிட்டது. பேராக் மாநிலத்து ஹுலு பேராக் மாவட்டத்தில், கிரீக் பக்கம் மலைச்சரிவில் மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது. யூடியூப்பில் அமெரிக்காக்காரர்கள் மலை மாவட்டம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, தண்ணீர் எப்படி, மண் எப்படி, ஊரில் எத்தனை பேர் என்று மார்க் போட்டு, பிடித்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்கிறார்கள். கோவிட் சமயத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஹுலு பேராக் அதற்குத் தோதான இடமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

தம்பி, அந்த வீடியோக்களை என் பேரனும் எனக்குப் போட்டுக் காட்டுவான். அவர்கள் முதலில் என்ன கணக்குப் பார்க்கிறார்கள் என்று கவனித்தீர்களா? வருஷத்தில் எத்தனை நாள் உறைபனி விழாது, குளிர்காலம் தாண்ட நிலவறையில் எத்தனை போத்தல் அடுக்க வேண்டும், எத்தனை கட்டு விறகு வேண்டும். பாதி வருஷம் மண்ணில் ஒன்றும் முளைக்காத ஊர்க்காரனின் கணக்கு அது. நமக்குப் பன்னிரண்டு மாதமும் கீரை முளைக்கும், ஆனால் வைத்தது எதுவும் தங்காது. அரிசியில் வண்டு, டின்னில் துரு, மூட்டையில் பூஞ்சணம். அவனைக் குளிர் அடைத்துப்போடுகிறது, நம்மை மழை அடைத்துப்போடுகிறது. அதனால் அவனுடைய மார்க் தாளை அப்படியே கிரீக்குக்குத் தூக்கிக்கொண்டு போனால் சரிவராது. நமக்கு வரக்கூடியது உலகம் அழியும் நாள் கிடையாது, சடக்கு அறுந்துபோகும் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அந்தப் பத்து நாளை மனதில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பாருங்கள்.

பாதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிரீக் பட்டணத்துக்கு மூன்று வழி இருக்கிறது: தெற்கே லெங்கோங் வழியாகக் கோலாகங்சார், வடக்கே பெங்காலான் ஹுலு போய்ப் பாலிங், கிழக்கே மலையைக் கடந்து ஜெலி. மூன்றும் ஒரே நாளில் அறுந்துபோவது அபூர்வம், அதனால் பட்டணம் பாஸ். ஆனால் நீங்கள் வாங்கப்போவது பட்டணத்தில் இல்லையே. தார் முடிகிற இடத்திலிருந்து உங்கள் நிலம் வரைக்கும் இருக்கிற அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் உங்கள் மாவட்டம், அதில் எத்தனை ஓடை, எத்தனை பாலம், யார் போட்ட பாலம் என்று நடந்து போய் எண்ண வேண்டும். மோட்டாரில் போனால் கண்ணில் படாது.

எனக்கு லாசா போகும் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ஒரு டுரியான் டுசுன், அதாவது பழத்தோட்டம் இருக்கிறது. அதற்குப் போகும் செம்மண் பாதையில் ஓடையைக் கடக்க இரண்டு சிமெண்டு உருளை போட்டு மேலே மண் கொட்டி வைத்திருந்தோம். ஒரு வருஷம் தீபாவளிக்கு அடுத்த வாரம் மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்த மழை ராத்திரி பத்துக்குத்தான் விட்டது. காலையில் இறங்கிப் பார்த்தால் உருளை இரண்டும் நாற்பது அடி தள்ளி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, ஒன்றின் வாயில் முழு வாழைத்தண்டு ஒன்று கார்க் அடைத்த மாதிரி இறுகியிருக்கிறது. அந்தத் தண்டு அடைத்ததால்தான் தண்ணீர் மேலேறிப் பாதையையே தின்றுவிட்டது. ஒன்பது நாள் லாரியும் வரவில்லை, மோட்டாரும் வரவில்லை. நான் மேலே குடிசையில். அரிசி இருந்தது, கருவாடு இருந்தது, மரவள்ளிக்கிழங்கு வேண்டுமட்டும் இருந்தது. தீர்ந்துபோனது என் பிரஷர் மாத்திரை. மூன்றாம் நாள் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தெமியார் பூர்வகுடிகளின் கம்பத்துப் பிள்ளைகள் நாலு பேர் பாராங் கத்தியோடு வந்து, இரண்டு மரத்தைச் சாய்த்து ஓடைமேல் போட்டு, பிடித்துக்கொள்ளப் பிரம்பும் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அரை நாள் வேலை. நான் தனியாக இருந்திருந்தால் ஒன்பது நாளும் அந்த உருளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அடுத்தது, நிலத்துக்கு மேலே என்ன இருக்கிறது. எல்லாரும் நிலத்தில் நின்று கீழே பார்த்து "ஆஹா, என்ன காட்சி" என்பார்கள். நீங்கள் திரும்பி நின்று மேலே பாருங்கள். கம்பார் பக்கம் போஸ் டிப்பாங்கில் 1996 ஆகஸ்டு 29 அன்று மலையிலிருந்து சேறும் மரமும் இறங்கி 44 பேர் போனார்கள். பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் 2022 ஜூலை 4, குனோங் இனாஸ் பக்கமிருந்து வெள்ளம் கட்டை கட்டையாக மரங்களை அடித்துக்கொண்டு வந்தது, மூன்று உயிர். அதே வருஷம் டிசம்பர் 16, பத்தாங் காலியில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள்மேல் நள்ளிரவுக்குப் பிறகு சரிவு இறங்கி 31 பேர். பத்தாங் காலியில் போனவர்களுக்குத் தலைக்குமேல் இருந்த சடக்குக் கரையைச் சந்தேகப்படக் காரணமே இருந்திருக்காது.

கைப்பேசியில் சாய்வு அளக்கும் செயலி இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போங்கள். 25 பாகைக்கு மேல் என்றால், அதாவது பத்து மீட்டர் முன்னே போனால் நாலரை மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால், அங்கே வீடு கட்டும் நினைப்பை விட்டுவிடுங்கள். மரங்கள் அடியில் வளைந்து நுனியில் நிமிர்ந்திருக்கிறதா, மண்ணில் பிறை மாதிரி விரிசல் இருக்கிறதா, சரிவின் அடியில் புதிதாக ஊற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். ஓடைக்கரையில் யானைக்குட்டி அளவுப் பாறைகள் கிடந்தால் அவற்றை யாரும் அங்கே தூக்கி வைக்கவில்லை, தண்ணீர்தான் கொண்டு வந்தது. பழைய கம்பத்து வீடுகள் எங்கே நிற்கின்றன என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் ஆற்றை விட்டு ஒதுங்கிக் கொஞ்சம் மேட்டில்தான் நிற்கும். அதற்குக் காரணம் இருக்கும்.

தண்ணீர். விற்பவர் "மலைத்தண்ணி, வத்தவே வத்தாது" என்பார். பிப்ரவரியிலோ ஜூலையிலோ நாலு நாள் மழை விட்ட பிறகு, 20 லிட்டர் வாளியோடு போய் நீங்களே பிடித்துப் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர், குடும்பத்துக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் தாராளம். பத்து நிமிஷம் ஆனால் 2,880 லிட்டர், குடிக்கக் குளிக்கச் சரி, தோட்டம் பாய்ச்ச இழுபறி. ஊற்று வீட்டைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் பம்பு இல்லாமலே ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், கறுப்புப் பொலி பைப் போதும். எப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரானாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது. காலில் புண்ணோடு ஓடையில் இறங்காதீர்கள்.

பத்திரத்துக்கு வருகிறேன், நம் ஆட்கள் அதிகமாக ஏமாறும் இடம் இது. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வமாகத் தேடிப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள். மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா? அப்படியானால் உங்கள் பெயருக்கு மாறாது, பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்று ஒரு தாளை நீட்டினால், அது வருஷத்துக்கு வருஷம் முடியும் உரிமம், விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. வேளாண் நிலமாக இருந்தால் நீங்கள் குடியிருக்க வீடு கட்டச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் நிலம் முழுக்கச் சிமெண்டு போட இடம் தராது. கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று துண்டு போட்டு "இது உங்க லாட்" என்று கயிறு கட்டிக் காட்டுவார்கள். வேளாண் நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழே, அதாவது சுமார் ஒரு ஏக்கருக்குக் கீழே தனிக் கிராண்டாக, அதாவது தனிப் பத்திரமாகப் பிரிக்க முடியாது. உங்களுக்குக் கிடைப்பது முன்பின் தெரியாத பத்துப் பேரோடு கூட்டுப் பெயர்தான்.

வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் ஓடுகிறதா? வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். அப்படி இருந்தால் இந்தப் பதிலின் மீதியை வாசிக்கவே வேண்டாம், சுங்கை சிப்புட்டிலேயே இருங்கள். கிரீக்கில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்குத் தைப்பிங், ஈப்போ என்று இறங்கித்தான் ஆக வேண்டும். நம் சனங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு ஏது? என் மனைவிக்கு இன்சுலின் ஓடுகிறது. டுசுனில் மின்சாரம் இல்லாதபோது அவர் செய்தது இது: பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. திறந்த இன்சுலின் பெரும்பாலும் 30 பாகைக்குள் இருந்தால் நாலு வாரம் தாங்கும், அதற்கு அந்தச் சட்டி போதும். திறக்காத போத்தல்களுக்குப் போதாது, அவற்றுக்கு 2 முதல் 8 பாகைக் குளிர் வேண்டும். சூரியத்தகடு போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். 400 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாலு மணி நேரம் கிடைத்தால் 1.6 யூனிட் தரும், சின்ன ஐஸ்பெட்டிக்குச் சரியாகப் போகும். ஆனால் மலையிடுக்கில் மத்தியானம் இரண்டு மணிக்கே மேகம் கவிந்துவிடும், அதனால் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டு தகடும் பேட்டரியும் இரட்டிப்பாகப் போடுங்கள்.

யானையைச் சொல்ல மறந்துவிட்டேன். கிரீக் வட்டாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. வாழை, மரவள்ளி, இளஞ்செம்பனைக் குருத்து எல்லாம் அதற்கு விருந்து. நீங்கள் ஒரு வருஷத்துக்கு என்று நட்டதை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, போகிற போக்கில் தண்ணீர் பைப்பையும் மிதித்துவிட்டுப் போகும். பக்கத்து டுசுன்காரரிடம் கேளுங்கள், எந்த மாதம், எந்தப் பக்கமாக வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்வது பற்றி. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது புதுச் சரக்கு. லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு பாத்தி, மாட்டுக்கொட்டகை, முருங்கை, கோழி எல்லாம் இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் பால், ஒரு வீட்டில் கத்தரிக்காய், ஒருவருக்குத் தச்சு வேலை, ஒரு பாட்டிக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும். அப்படித்தான் ஓடியது. 56 வயதில் ஒரு மனிதனும் மனைவியும் மூன்று ஏக்கர் மலையைப் பாராங்கால் அடக்க முடியாது, லாலாங் புல் வென்றுவிடும். ஆகவே நிலத்தைப் பார்க்கும் நாளில் அந்த ஊர் ஒட்டுக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வாலிபப் பிள்ளைகள் இருக்கிறார்களா, எல்லாரும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்களா, பெங்குலு, அதாவது ஊர்த்தலைவர் யார், போன வெள்ளத்தில் முதலில் வந்து உதவியது யார் என்று கேளுங்கள்.

ஹுலு பேராக் தோதான இடமா என்றால், லெங்கோங்கையோ கிரீக்கையோ ஒட்டி, தார்ச்சடக்கு ஓரமாக, மேட்டில், ஒரு ஏக்கர் என்றால் நான் பத்துக்கு ஏழு போடுவேன். கடைசிப் பாலத்துக்கு அப்பால் சரிவில் மூன்று ஏக்கர் என்றால் மூன்றுதான். எதுவானாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். அந்த மூன்று மாத மழையை உங்கள் மனைவியும் தாங்கினால் அப்புறம் வாங்கலாம்.

கிராணியாரே, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் தண்ணீர் வெட்டு வரும்போது சமாளிக்கலாமா? எங்களுடையது பழைய தோட்டத்து வீடு.
இல்லத்தரசி, லிந்தாங்

தாராளமாக, அம்மா. கணக்கு ரொம்பச் சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் கொட்டினால் 1,800 லிட்டர், நம் ஊரில் ஒரு சாயங்கால மழைக்கு அது சாதாரணம். முதல் பத்து நிமிஷத் தண்ணீரை விட்டுவிடுங்கள், கூரையில் இருக்கும் பறவை எச்சமும் தூசியும் அதோடு போகட்டும். ஆனால் பழைய தோட்டத்து வீடு என்கிறீர்கள், கூரை சாம்பல் நிற அலைத்தகடா என்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருந்தால் அந்தத் தண்ணீர் கழுவவும் செடிக்கும் மட்டும், குடிக்க வேண்டாம். தொட்டியை நெருக்கமான வலை போட்டு மூடுங்கள். ஏடிஸ் புழுவைக் கண்டுபிடித்தால் சுகாதார அதிகாரி 500 வெள்ளி வரைக்கும் அபராதத் தாள் கொடுப்பார், அது போதாதென்று டெங்கியும் வரும்.

வீட்டில் எத்தனை மூட்டை அரிசி வைத்திருப்பது புத்திசாலித்தனம்? 2023-இல் 26 வெள்ளி உள்ளூர் அரிசி கடையில் இல்லாமல் போனதிலிருந்து என் கணவர் எட்டு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். இப்போது வீடு முழுக்க வண்டு.
சலித்துப்போனவர், சலாக்

உங்கள் கணவர் என் சொந்தக்காரராக இருக்க வேண்டும்! எங்கள் வீட்டில் நாலு பேருக்குப் பத்துக் கிலோ இரண்டு வாரம் ஓடுகிறது, அதனால் எப்போதும் மூன்று பை: ஒன்று ஓடும், இரண்டு காத்திருக்கும். வாங்கிய தேதியைப் பையின்மேல் எழுதி, பழையதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். புது அரிசியைச் சிறு பொட்டலமாக்கி நாலு நாள் ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுத்தால் முட்டையோடு வண்டு போய்விடும். பிறகு ஈரம் வேர்க்காமல் வெளியே ஆறவிட்டு, மூடி இறுகும் வாளியில் கொட்டுங்கள். காய்ந்த மிளகாய் போடுவது பாட்டி வைத்தியம், வந்த வண்டை அது விரட்டாது. இப்போது இருக்கிற எட்டு மூட்டையில் இரண்டைச் சலித்துப் புடைத்து வைத்துக்கொண்டு, மீதியைக் கோயில் அன்னதானத்துக்குச் சீக்கிரமாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அவசரகால ஆயத்தம் என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தாத்தாவிடம் கேட்டால் அவர் 1948 கதையைச் சொல்கிறார். இரண்டும் ஒன்றா?
படிவம் நான்கு மாணவி, சுங்கை சிப்புட்

தாத்தா சொல்வதும் தப்பில்லை, பாப்பா. நம் ஊர்ப் பெரியவர்கள் காதில் அவசரகாலம் என்றால் அதுதான் விழும். 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதை ஒட்டித்தான் அவசரகாலச் சட்டம் வந்தது, 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள், சில வட்டாரங்களில் அரிசியாகவே தராமல் பொதுச் சமையலறையில் சோறாக்கித்தான் கொடுத்தார்கள், ஏனென்றால் சோறு மறுநாளைக்கு ஊசிப்போகும். கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார்கள். என் அப்பா பால்மரம் வெட்டப் போகும்போது வேலி வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து கிளறிப் பார்ப்பார்களாம். அதற்கும் முன்னால் சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிதான் முழுச் சாப்பாடு. கசப்பு இனத்தைத் தோலுரித்து, நறுக்கி, ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றி, மூடாமல் வேகவைக்க வேண்டும், அவசரப்பட்டால் விஷம். வெறும் கிழங்கையே தின்றவர்களுக்குக் காலும் முகமும் வீங்கியதைப் பாட்டி சொல்வார். தாத்தா சொன்னதைக் கட்டுரையின் முதல் பத்தியாக வைத்துவிட்டு, அப்புறம் 999, வெள்ளத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பை, அதற்குள் அடையாள அட்டை நகல், மருந்து, டார்ச்சு என்று எழுது. ஆசிரியர் ஏதும் சொன்னால் என் பெயரைச் சொல்.

உங்கள் டுசுனை விற்கும் எண்ணம் உண்டா? நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.
பெயர் வேண்டாம், ஈப்போ

இல்லை. ஜூலையில் பழம் விழும், பையோடு வாருங்கள். மேலே கைப்பேசி லைன் கிடையாது, அதனால் கீழே பாலத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் சொல்லி வைத்தால் எனக்குச் சேதி வந்துவிடும். புது உருளை மூன்று போட்டிருக்கிறோம், இருந்தாலும் மழை நாளாக இருந்தால் காரைக் கடைப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.